குழந்தைக் காசநோய்: பயிற்சியை ஓட்டல் ஹாலுக்கு வெளியே கொண்டுவாருங்கள்

இந்திய மருத்துவச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் தமிழ்நாடு கிளை ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்.

மாவட்டக் காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி உங்கள் கிளினிக் வராந்தாக்களில், மெடிக்கல் ரெப்புகளுக்குப் பக்கத்து நாற்காலியில் கழிந்தது. கடைசி டோக்கனும் போன பிறகு, "சொல்லுங்க மேடம், கொஞ்சம் சீக்கிரம்" என்பீர்கள். பையை எடுத்துக்கொண்டு நீங்கள் எழுந்திருப்பதற்குள் நான் சொல்ல வந்ததில் கால்வாசியைச் சொல்லியிருப்பேன். மீதி முக்கால்வாசியை இங்கே எழுதுகிறேன்.

குழந்தைகளின் காசநோயைக் கண்டுபிடிக்கத் தனியார் மருத்துவர்களுக்கு நடத்தும் பயிற்சியை நீங்கள் வேறு மாதிரி நடத்த வேண்டும். இதுதான் என் கோரிக்கை. இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை, ஓட்டல் ஹால், குத்துவிளக்கு, பொன்னாடை, அப்புறம் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் நீண்ட ஸ்லைடு வரிசை. கேள்வி நேரத்தில் இரண்டு பேர் எழுந்து கேட்பார்கள்; அந்த இரண்டு பேருக்கும் பதில் முன்பே தெரியும். சாப்பாடு, சான்றிதழ், கையெழுத்து. ஐந்து ஆண்டுக்கு முப்பது மணி நேரம் என்கிற தொடர்கல்விக் கணக்கில் கொஞ்சம் கழிந்தது. பேராசிரியர் சொன்னதில் குறை ஒன்றும் இருக்காது. ஆனாலும் திங்கட்கிழமை கிளினிக்கில் எதுவும் மாறுவதில்லை. அங்கே தடையாக நிற்பவை வேறு: நேரம் போதாது, சாம்பிள் எடுக்க ஆள் இல்லை, நோயாளி கைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம், வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்பதில் ஒரு கூச்சம். இதற்கெல்லாம் ஸ்லைடு கிடையாது.

மும்பை தாராவியில் நடத்தி 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காசநோய்க்கு மருந்து எழுதச் சொன்னபோது நூறு தனியார் மருத்துவர்கள் எண்பது விதமாக எழுதினார்கள் என்றது. இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் திரும்பக் கேட்டார்கள். 106 பேர் 63 விதமாக எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் ஆறே பேர். நடுவில் எத்தனை கருத்தரங்குகள் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது பெரியவர்களின் காசநோய் பற்றிய ஆய்வு. குழந்தைகள் விஷயம் இன்னும் சிக்கலானது.

எண்ணிக்கையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். இங்கே ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த நோய் வருவதாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் பதிவாகும் மொத்த நோயாளிகளில் குழந்தைகள் சுமார் ஆறு சதவீதம்தான். கணக்குப்படி இருக்க வேண்டியது அதைப்போல் இரு மடங்குக்குப் பக்கம். மீதிக் குழந்தைகள் எங்கே? சிலர் எந்த டாக்டர் வாசலையும் மிதிக்காதவர்கள். மற்றவர்கள் சளி என்றும் சத்துக்குறைவு என்றும் மருந்து வாங்கிக்கொண்டு போனவர்கள், அல்லது பதிவே இல்லாமல் டி.பி. மருந்து சாப்பிடுகிறவர்கள். 2015இல் உலகம் முழுக்க 2,39,000 குழந்தைகள் காசநோயால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குச் சிகிச்சையே தொடங்கவில்லை. மருந்து சாப்பிட்டும் பலிக்காமல் போனவர்கள் கொஞ்சம் பேர். மருந்தே கிடைக்காமல் போனவர்கள்தான் மற்ற எல்லோரும்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். தாத்தாவுக்கு நுரையீரலில் காசநோய், தனியார் சிகிச்சை. தகவல் தாமதமாகத்தான் எங்களுக்கு வந்தது. முகவரி விசாரித்துப் போனபோது ஒன்றரை வயதுப் பேத்தி அவர் மடியில் சாய்ந்துகிடந்தாள். "பிள்ளை தேறவே மாட்டேங்குதுங்க" என்றார் அம்மா. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. டாக்டரிடம் காட்டவில்லையா என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொட்டினார். அவ்வளவும் மருந்துச் சீட்டு. இரண்டு கிளினிக், நான்கு மாதம். இருமல் மருந்து, பூச்சி மருந்து, பசி எடுக்க டானிக், ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றி, ஒருமுறை நெபுலைசர். ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் நர்ஸ் எடையை எழுதியிருந்தார். தேதிப்படி தரையில் பரப்பினேன். 9.1, 9.2, 9.0, 8.8, 8.6. ஒன்றரை வயதுப் பிள்ளை ஏற வேண்டிய நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தச் சீட்டுகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் தப்பு இல்லை. அன்றைக்கு வந்த காய்ச்சலுக்கு அன்றைக்கு எழுதிய மருந்து. எந்த டாக்டரையும் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாச் சீட்டையும் சேர்த்துப் பார்க்கிற வேலை யாருக்கும் இல்லை. சீட்டுகள் அம்மாவின் பையில், நோயாளியின் கோப்பு கிளினிக்கில் கிடையாது. தாத்தாவின் டாக்டர் அதே கடைவீதியில்தான் இருந்தார். அவருக்குப் பேத்தி இருப்பது தெரியாது. பேத்தியின் டாக்டர்களுக்குத் தாத்தா இருமுவது தெரியாது. அரசு மருத்துவமனைக்கு நாங்கள் அழைத்துப் போவதற்குள் வாந்தி, மயக்கம், வலிப்பு. காசநோய் மூளைக்காய்ச்சல். குழந்தை பிழைத்துக்கொண்டாள். வலது கை இன்னும் சரியாக எழும்பவில்லை.

காசநோய் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளில், சிகிச்சை கொடுத்தும் ஐந்தில் ஒன்று இறக்கிறது; பிழைப்பவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஊனம் தங்கிவிடுகிறது. கிருமி தொற்றிய கைக்குழந்தைகளுக்குச் சிகிச்சை இல்லையென்றால், ஒரு வயதுக்குள் இருப்பவர்களில் பாதிப் பேர் நோயில் விழுகிறார்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி இந்தக் கொடிய வடிவங்களிலிருந்து நல்ல அளவு காக்கிறது, முழுதாக அல்ல. நுரையீரல் காசநோயைத் தடுக்க அது உதவவில்லை என்பதை 1968இல் நம் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வுதான் உலகத்துக்குக் காட்டியது. தோளில் தழும்பைப் பார்த்துவிட்டு "பி.சி.ஜி. போட்டிருக்கே, டி.பி.யா இருக்காது" என்று சொல்வதை இனியாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி, பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது.

முதலில், கேள்வி கேட்கக் கற்றுக்கொடுங்கள். "வீட்டில் யாருக்காவது டி.பி. இருக்கா?" என்று கேட்டால் இந்த ஊரில் "இல்லை" என்றுதான் பதில் வரும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் "ஆமாம்" என்பாள்? கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நாங்கள் வேறு மாதிரி கேட்போம். வீட்டில் யாருக்காவது ரொம்ப நாளாக இருமலா? யாராவது ஆறு மாத மாத்திரை சாப்பிட்டார்களா? சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிற மாத்திரை? கடைசிக் கேள்விக்குத்தான் தலையாட்டுவார்கள். ரிஃபாம்பிசின் என்கிற அந்தக் காசநோய் மருந்தைச் சாப்பிட்டவரைக் கூட இருந்து பார்த்தவர்களுக்கு அந்த நிறம் மறக்காது. வீட்டோடு நிறுத்தவும் கூடாது. அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி, டியூஷன் டீச்சர், ஸ்கூல் வேன் ஓட்டுநர், போன வருஷம் காலமான பெரியப்பா. கடந்த இரண்டு ஆண்டுக்குள் இப்படி யாரோடாவது நெருக்கம் இருந்திருந்தால் அது எந்த ரத்தப் பரிசோதனையையும் விடப் பெரிய தடயம். இதைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். உங்களுக்கு அந்த ஒரு நிமிஷமும் இல்லை என்றால் டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்குக் கேட்கக் கற்றுக்கொடுங்கள்; பல நேரம் அம்மாக்கள் உங்களைவிட அவளிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

அப்படியென்றால் பயிற்சிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் மாறுகிறது. இப்போது குழந்தை நல மருத்துவர்களைக் கூப்பிடுகிறீர்கள். சரி, வேண்டியதுதான். ஆனால் குழந்தைக் காசநோயைக் கண்டுபிடிக்கச் சுலபமான இடம் பெரியவர்களின் டாக்டருடைய மேஜை. நெஞ்சுநோய் நிபுணர், சர்க்கரை டாக்டர், தெருமுனையில் ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் பார்க்கிற பொது மருத்துவர். இவர்கள் பெரியவர் ஒருவருக்குக் காசநோய் என்று எழுதும் அந்த நிமிஷமே "வீட்டில் சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டால், நோய் முற்றி அந்தப் பிள்ளைகள் வேறொரு கிளினிக்குக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிகுறி இருந்தால் பரிசோதனை. இல்லையென்றால் தடுப்பு மருந்து. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆறு மாதம் ஐசோனியாசிட் கொடுக்கச் சொல்லும் விதி எவ்வளவோ காலமாக இருக்கிறது. 2021லிருந்து அரசுத் திட்டம் வீட்டில் இருக்கிற மற்ற வயதினருக்கும் தடுப்பு மருந்தை விரித்திருக்கிறது. இருந்தும், தனியாரிடம் சிகிச்சை பெறும் பெரியவர்களின் வீடுகளில் இந்த மாத்திரையைப் பார்ப்பது அபூர்வம். நல்லா விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஆறு மாதம் மாத்திரை என்று வீட்டார் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதும் பயிற்சியில் வர வேண்டும், நடித்துக் காட்டியே சொல்லிக்கொடுக்கலாம்.

இரண்டாவது, தராசு. சிரிக்காதீர்கள். பல கிளினிக்குகளில் குழந்தை எடை பார்க்கும் மெஷினில் முள் பூஜ்யத்தில் நிற்பதில்லை. டயப்பரோடு ஒரு நாள், சட்டையோடு ஒரு நாள் நிறுத்துகிறார்கள். தடுப்பூசிப் புத்தகத்தின் பின்பக்கம் வளர்ச்சிக் கோடு போட அழகாகக் கட்டம் அச்சடித்துக் கொடுக்கிறீர்கள், அதில் ஒரு புள்ளிகூட இருக்காது. மூன்று மாதத்தில் ஐந்து சதவீதம் எடை குறைந்தாலோ, மூன்று மாதமாக ஏறாமல் நின்றாலோ காசநோயைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நாட்டின் வழிகாட்டுதல். பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு அது அறுநூறு கிராம். தாறுமாறாக நிறுத்தால் அறுநூறு கிராம் அதிலேயே ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம், சாம்பிள். பெரியவர் காறித் துப்புவார். குழந்தை சளியை விழுங்கிவிடும். விழுங்கிய சளி இரவெல்லாம் இரைப்பையில் தங்கியிருக்கும், எனவே விடியற்காலையில் வெறும் வயிற்றோடு, குழந்தை எழுந்து நடமாடுவதற்கு முன்பே, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? படித்த காலத்தில் செய்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் செய்தீர்கள்? கிளினிக் பத்து மணிக்குத்தான் திறக்கிறது. அதற்குள் பிள்ளை பால் குடித்து, இட்லி சாப்பிட்டு, வீடெல்லாம் ஓடி முடித்திருக்கும்.

அரசு மருத்துவமனை வார்டு ஒன்றில் கைதேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் நாள் மாலையே அம்மாவிடம், ராத்திரி பத்து மணிக்குப் பிறகு தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று சொல்லி, தலைமாட்டில் ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டிவிடுவார். காலையில் விளக்கைப் போடமாட்டார், டார்ச்தான். தூக்கக் கலக்கத்திலேயே குழந்தையைத் துணியில் சுற்றி அம்மா மடியில் கிடத்தி, மூக்கிலிருந்து காது, காதிலிருந்து மேல்வயிறு என்று குழாயை அளந்து நகத்தால் ஓர் அடையாளம் வைப்பார். குழாய் போய்ச் சேர்ந்ததும் உடனே இழுக்க மாட்டார். குழந்தையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, பொறுத்து, பிறகு ஊசிக்குழலை மெல்ல இழுப்பார். ஐந்து, பத்து மில்லி கலங்கலாக வரும். அமிலம் கிருமியைக் கெடுத்துவிடும் என்பதால், லேபுக்குப் போகத் தாமதமாகும் என்றால் சோடியம் பைகார்பனேட் சேர்ப்பார். அம்மா அழுது முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். இந்தக் கைப்பக்குவம் எந்த ஸ்லைடிலும் வராது. உங்கள் உறுப்பினர்கள் தங்கள் நர்ஸையும் கூட்டிக்கொண்டு, இரண்டு மூன்று விடியற்காலைகள் இப்படி ஒரு வார்டில் நிற்க வேண்டும். நான் கேட்கும் பயிற்சி இதுதான்.

குழாய் விட வசதி இல்லாத கிளினிக்குக்கும் வழி இருக்கிறது. உப்புநீர் நெபுலைசர் கொடுத்துச் சளியை எடுக்கலாம். குழந்தைகளின் மலத்திலேயே எக்ஸ்பர்ட் என்கிற மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கழுத்தில் நெறிகட்டி இருந்தால் ஊசியால் எடுத்து அனுப்பலாம். எக்ஸ்பர்ட், ட்ரூநாட் மெஷின்கள் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று சொல்லிவிடுகின்றன. ட்ரூநாட் நம் நாட்டுத் தயாரிப்பு. அரசு மையங்களில் இவை இலவசம், தனியார் சீட்டோடு வந்தாலும்தான். 2014இல் சென்னை, டெல்லி, ஐதராபாத், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் குழந்தைகளின் சாம்பிளை முதல் பரிசோதனையாகவே எக்ஸ்பர்ட்டில் போடும் திட்டம் ஒன்று தொடங்கியது. அரசு மருத்துவமனை, தனியார் கிளினிக் இரண்டிலிருந்தும் சாம்பிள் வாங்கினார்கள். காசு கிடையாது, முடிவும் சீக்கிரம் வந்தது. தனியார் டாக்டர்கள் அனுப்பவே மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எடுத்துப்போக ஆளும், கையில் வந்து சேரும் முடிவும் இருந்தால் அனுப்புவார்கள்.

குழந்தைக்குக் கிருமி குறைவு என்பதால், நல்ல சாம்பிள் எடுத்தும் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் கிருமி அகப்படாது. எக்ஸ்பர்ட்டில் வரவில்லை என்றால் காசநோய் இல்லை என்று அர்த்தமில்லை. அங்கேதான் உங்கள் மருத்துவ முடிவு வேண்டியிருக்கிறது; அந்த முடிவை எடுக்கத்தான் யாரோடு நெருக்கம் என்ற விவரமும் எடைக் கோடும் எக்ஸ்ரேயும், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையும்.

எக்ஸ்ரே என்றதும் ஒரு சங்கடம். அழும் பிள்ளையைக் கோணலாகப் பிடித்து எடுத்த படம், அதையும் ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நுரையீரல் வேர்ப்பக்கத்து நெறிகட்டி அதில் எப்படித் தெரியும்? ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன்களுக்கும் பயிற்சியில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

மாண்டூவும் அதே கதை. இரண்டு யூனிட் போட வேண்டிய இடத்தில் சில லேப்களில் ஐந்தும் பத்தும் போடுகிறார்கள். 48லிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்பி வந்து காட்டச் சொல்லாமல், "சிவந்தா போன் பண்ணுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவைத் தோலில் மெல்ல நகர்த்தினால் தடிப்பின் ஓரத்தில் முனை தட்டி நிற்கும். இரண்டு பக்கமும் கோடு போட்டு, நடுவில் குறுக்காக ஸ்கேல் வைத்தால் பத்து மில்லிமீட்டரா இல்லையா என்பது தெரிந்துவிடும். பத்து இருந்தாலும் அது தொற்றைத்தான் சொல்கிறது, நோயை அல்ல. 'டி.பி. கோல்டு' என்று லேப்களில் சொல்லும் ரத்தப் பரிசோதனைக்கும் இதே வரம்பு உண்டு. காசநோய்க்கான பழைய எதிர்ப்புப்பொருள் ரத்தப் பரிசோதனைகளை இந்திய அரசு 2012லேயே தடை செய்துவிட்டது.

தவறவிடுவதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். நம் ஊரில் பிள்ளைகளின் காசநோய்க்கு 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று ஒரு பெயர் இருக்கிறது. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறான், ஒல்லியாக இருக்கிறான், அடிக்கடி சளி பிடிக்கிறது, ஈ.எஸ்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை அளவு கொஞ்சம் கூடுதல், மாண்டூ சிவந்திருக்கிறது. சரி, பிரைமரி காம்ப்ளெக்ஸ், ஆறு மாதம் மருந்து. சாம்பிள் கிடையாது, பதிவு கிடையாது. டி.பி. என்ற சொல்லைக் கேட்காததால் வீட்டாருக்கும் நிம்மதி. இதில் உண்மையிலேயே காசநோய் உள்ளவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு மருந்தின் அளவு எடைக்கு ஏற்றதாக இருக்காது. இரண்டாம் மாதம் பிள்ளை தேறியதும் நிறுத்தியும் விடுவார்கள். காசநோயே இல்லாதவர்களும் இருப்பார்கள், ஆஸ்துமாவுக்கோ தொண்டைச் சதைக்கோ செய்ய வேண்டிய வைத்தியம் தள்ளிப்போகும். என்னைக் கேட்டால், கண்டுபிடிக்காமல் விடுவதும் கண்டதையெல்லாம் டி.பி. ஆக்குவதும் ஒரே காரணத்தால் வருகிறவை. சாம்பிள் எடுக்கும் பழக்கம் கிளினிக்கில் இல்லை.

இன்னொன்று மருந்துச் சீட்டைப் பற்றியது. இரண்டு வாரம் கடந்த காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கும்போது லீவோஃப்ளாக்சசின், லினசோலிட் வேண்டாம். அவை காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். பிள்ளை பத்து நாள் நன்றாக இருக்கும், அம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவாள், நோய் உள்ளே இருக்கும்.

நோயாளி போய்விடுவார் என்ற பயத்துக்கு வருகிறேன். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவு செய்தால் அரசு ஊழியர் வீட்டு வாசலில் வந்து நிற்பார், தெருவுக்கே தெரிந்துவிடும், அடுத்த முறை அந்தக் குடும்பம் வேறு டாக்டரிடம் போய்விடும் என்கிறீர்கள். இதில் உண்மை இருக்கிறது. எங்கள் ஆட்களில் சிலர் தெருமுனையில் நின்று சத்தமாக முகவரி விசாரித்ததுண்டு. அதை நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் பதிவு செய்தால் நோயாளியை இழக்க வேண்டியதில்லை. அவர் உங்களிடமே சிகிச்சையைத் தொடரலாம். குழந்தைகளுக்கென்று தண்ணீரில் கரையும் கூட்டு மாத்திரைகள் அரசிடமிருந்து இலவசமாக வரும். எடையைப் பார்த்து எத்தனை மாத்திரை என்பது மட்டும்தான் கணக்கு, பெரியவர் மாத்திரையை உடைத்துப் பொடித்துத் தேனில் குழைக்கிற பாடு இல்லை. 2018லிருந்து மாதம் 500 ரூபாயாக இருந்த சத்துணவுத் தொகை 2024 நவம்பரில் ஆயிரமானது. உங்களுக்கும் பதிவுக்கு 500, சிகிச்சை முடிவைத் தெரிவித்தால் 500 உண்டு. அந்தக் காசுக்காக யாரும் பதிவு செய்வதாக நான் நம்பவில்லை. அதற்காகப் படிவம் நிரப்புகிற நேரத்தில் நீங்கள் இன்னும் இரண்டு நோயாளியைப் பார்த்துவிடலாம்! பதிவு 2012லிருந்தே கட்டாயம், 2018லிருந்து தண்டனைப் பிரிவும் சேர்ந்தது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த இந்த மடலை எழுதவில்லை. பதிவானால்தான் அந்த வீட்டின் மற்றக் குழந்தைகளை யாராவது போய்ப் பார்க்க முடியும்.

வெளியூர் உதாரணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்துவைக்க வேண்டியதில்லை, வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1950களில் உலகத்துக்கு நிரூபித்தது சென்னைச் சேத்துப்பட்டு. அன்று அங்கே அந்த ஆய்வை நடத்திய மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கடுமையில்லாத காசநோய் உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதம் தேவையில்லை, நான்கு மாதம் போதும் என்று 2022இல் முடிவு சொன்ன ஷைன் ஆய்வில் உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்காவோடு சென்னையும் புணேயும் இருந்தன. 1,204 குழந்தைகள் பங்கேற்றார்கள். தனியார் மருத்துவர்களைக் காசநோய்ப் பணியில் சேர்ப்பதற்கென்றே 'ரீச்' என்ற அமைப்பு 1999லிருந்து சென்னையில் வேலை செய்கிறது. அறிவும் ஆளும் இங்கேயே இருக்கும்போது, சேத்துப்பட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற கிளினிக்கில் ஈ.எஸ்.ஆரை வைத்துக் காசநோய் சொல்கிறார்கள் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. ஓட்டல் ஹால் வாடகையை மிச்சம் பிடித்தாலே ஒரு மாவட்டத்துக்குப் போதும். மாவட்டக் கிளை ஒன்று அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிக் குழந்தைகள் வார்டோடு பேசிக்கொண்டு, ஒரு தடவைக்கு ஐந்தாறு டாக்டர், அவரவர் நர்ஸோடு வரட்டும். வார்டில் குழாய் போட்டுப் பழகிய நர்ஸ்தான் ஆசிரியர். மேடையும் பொன்னாடையும் அவருக்குப் போகட்டும். வந்துபோன பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் காலை வணக்கமும் பூங்கொத்தும் வேண்டாம், எடைக் கோடும் நல்ல வெளிச்சத்தில் எடுத்த எக்ஸ்ரேவும் மட்டும். ஒரு குழந்தை நல மருத்துவர், ஒரு நெஞ்சுநோய் நிபுணர் மாறிமாறிப் பதில் சொன்னால் போதும். கிளினிக்கிலிருந்து சாம்பிளை வாங்கிக்கொண்டு போக மாவட்டக் காசநோய் அலுவலகத்தோடு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்கல்வி மணி நேரத்தை ஹாலில் உட்கார்ந்ததற்குக் கொடுப்பது போலவே வார்டில் நின்றதற்கும் கொடுக்கும்படி தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டால் எடுபடும், நான் கேட்டால் கோப்பு எண் மட்டும் வரும்.

எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் போடாதீர்கள். பயிற்சிக்கு முன்னால் அந்தக் கிளினிக்கிலிருந்து எத்தனை குழந்தைகளின் சாம்பிள் போனது, பின்னால் எத்தனை போனது. பதிவான பெரியவர்களின் வீட்டுக் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தடுப்பு மருந்து கிடைத்தது. இந்த இரண்டையும் போடுங்கள். முதல் ஆண்டு எண்கள் பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை.

சித்த மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் இந்த மடலில் வரவில்லை என்று யாராவது கேட்கக்கூடும். பிள்ளைக்குச் சளி என்றால் முதலில் போகிற இடம் மெடிக்கல் ஷாப்தான் என்பது எனக்கும் தெரியும். அவர்களுடைய சங்கத்துக்குத் தனியாக எழுதுகிறேன்.

முதல் சுற்றுக்கு ஏதாவது ஒரு மாவட்டக் கிளை முன்வந்தால், தேதியை முடிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். வார்டில் காலை ஐந்தரைக்கு இருக்க வேண்டும். ஆறரைக்குப் பிள்ளைகள் பால் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசநோய் சுகாதாரப் பார்வையாளர் ஒருவர்

நகல்: மாவட்டக் காசநோய் அலுவலர்கள்